மூன்று கட்டடம், 62 கணினி, ஒரே டெக்னீஷியன்: கோடை விடுமுறைக்குள் மாற்ற முடியுமா?

கேள்வி இது: வடசென்னையில் எங்கள் பள்ளிக்கு மூன்று கட்டடம். பழைய வண்ணாரப்பேட்டையில் மேல்நிலைப் பிரிவு, தண்டையார்பேட்டையில் நடுநிலை, திருவொற்றியூரில் தொடக்கப் பிரிவு. ஆய்வகத்தில் 28, வகுப்பறைகளில் 20, ஆசிரியர் அறைகளில் 9, அலுவலகத்தில் 5 என்று மொத்தம் 62 கணினிகள். எல்லாமே விண்டோஸ் 10, பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். பார்த்துக்கொள்ள ஒரே டெக்னீஷியன். புகார்கள் வாட்ஸ்அப் குழுவில். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எல்லாவற்றிலும் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) போட்டு, முடிந்தவற்றை விண்டோஸ் 11-க்கு மாற்ற முடியுமா? மாற்றியபின் ஆசிரியர்களுக்கு உதவி எப்படிக் கொடுப்பது?

முடியும். ஆனால் எதை முதலில் செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக முதலில் எஸ்எஸ்டி வாங்கிவிடுவார்கள். மாற்றியபிறகு ஆசிரியரின் கோப்புகளைத் தேடுவார்கள். கடைசியில், கரண்டும் கேபிளும் சரியில்லாததால்தான் பாதிப் புகார் வந்தது என்று தெரியும். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் கரண்டும் கேபிளும், அடுத்து ஆசிரியரின் கோப்புகள், கடைசியில்தான் இயந்திரம்.

எதைத் தொடும் முன்னும் கணக்கெடுப்பு. மூன்று கட்டடத்துக்கும் நேரில் போய், கணினி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து எழுத வேண்டும். பில்லில் இருப்பது உள்ளே இருக்காது. ரேம் இடம் மாறியிருக்கும், டிஸ்க் மாறியிருக்கும். எழுத வேண்டியவை: சீரியல் எண், பிராசஸர் மாடல், ரேம் எவ்வளவு, அது டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா, டிஸ்க் அளவு, வாங்கிய வருடம், எந்த அறை, யார் பயன்படுத்துகிறார்கள், எந்த பிரிண்டர் அல்லது புரொஜெக்டரோடு இணைந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 'வண்-2-07' என்பதுபோல் கட்டடம், மாடி, வரிசை எண் தெரியும் பெயர் வைத்து, அதே பெயரைக் கணினிக்குள்ளும் கொடுத்து, முன்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். "எட்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் ஓடலை" என்று வரும் புகாரில் எது என்று தேடும் நேரமே மிச்சம்.

கணக்கெடுப்பு முடிந்ததும் கணினிகள் விண்டோஸ் 11 ஏறுபவை, ஏறாதவை என்று இரண்டு குவியலாகப் பிரியும். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-இல் நின்றுவிட்டது. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான் கடைசி. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குமேல் வேண்டும். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (தொடங்கும்போதே சரிபார்க்கும் வசதி), குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் ஆகியவையும் வேண்டும். 4 ஜிபி என்பது நிறுவுவதற்குத்தான் போதும். குரோமில் நான்கு டேப் திறந்தால் நின்றுவிடும். வகுப்பறைக்கு 8 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். டிபிஎம் இல்லை என்று ஒரு கணினி சொன்னால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு) இன்டெல் என்றால் 'பிடிடி', ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் அணைந்து கிடக்கும். ஆன் செய்தால் போதும்.

8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்று ஓடும், பெரிய அப்டேட் ஒன்று வரும்போது நிற்கும், அது பெரும்பாலும் தேர்வு நேரமாக இருக்கும். அவற்றுக்கு இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-இன் நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டை ஒரு கணினிக்கு முதல் வருடம் 1 டாலர், அடுத்து 2, மூன்றாம் வருடம் 4 என்று தருகிறது. வாங்க அவகாசம் இல்லாத பள்ளிக்கு இது பெரிய உதவி. இன்னொன்று, ஆய்வகத்தை லினக்ஸுக்கு (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) மாற்றுவது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலின் சி++, பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தான் இரண்டும் லினக்ஸில் குறையில்லாமல் ஓடும். அரசின் இலவச மடிக்கணினிகளில் பாஸ் என்ற லினக்ஸ் வகை வந்ததால் ஆசிரியர்கள் பலருக்கு அதன் முகமும் பழகியிருக்கும். அலுவலகத்தில் மட்டும் லினக்ஸ் வேண்டாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி, பழைய பிரிண்டர் மூன்றும் அங்கே தகராறு செய்யும்.

இனி கரண்ட். ஒவ்வொரு அறையின் பிளக் பாயின்ட்டிலும் மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளவிடுங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பாருங்கள். கடலோரத்தில் எர்த் கம்பி உப்பில் அரித்துப்போவது சாதாரணம். எர்த் போன கட்டடத்தில் புது மதர்போர்டு போட்டாலும் நிலைக்காது. யூபிஎஸ்-களைச் சோதிக்க எளிய வழி: கணினி ஓடும்போது யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்குங்கள். 5 நிமிடத்துக்குள் அணைந்தால் பேட்டரி போய்விட்டது. சிறிய யூபிஎஸ்-களில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்-ஸில் செருகியிருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தரும்; பிரிண்டர் சூடேறும் நொடியில் அதைவிட அதிகமாக இழுக்கும்.

வடசென்னைக்கே உரிய இரண்டு விஷயங்கள். ஒன்று, தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மணலி, எண்ணூர், வியாசர்பாடிப் பக்கம் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நெட்வொர்க் ஸ்விட்ச் எதுவும் இருக்கக் கூடாது. சுவரில் இரும்புத் தாங்கி அடித்து 4 அடிக்கு மேல் ஏற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. இந்த வேலையையும் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். இரண்டு, உப்புக்காற்றும் தூசியும். திருவொற்றியூரில் ஒரு கணினி ஆன் ஆகி, மின்விசிறி சுற்றி, திரையில் ஒன்றும் வராமல் பீப் அடித்தால், பெரும்பாலும் ரேமின் தங்க முனைகள் மங்கியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஸ்லாட்டையும் ஊதிவிட்டு மாட்டினால் எழுந்துவிடும். கடலுக்கு அருகில் இருக்கும் கட்டடத்தில் மே மாதம் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

கேபிளில் அடிக்கடி நடக்கும் தப்பு, விலை குறைவு என்று செம்பு பூசிய அலுமினியக் கேபிள் வாங்குவது. பெட்டியில் 'சிசிஏ' என்று போட்டிருக்கும். உப்புக்காற்றில் முனை சீக்கிரம் கெடும், தூரம் கூடினால் வேகம் விழும். முழுச் செம்பு கேட் 6 வாங்குங்கள். ஒரே ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரே வளாகத்தில் இரண்டு பிளாக் இருந்தால் இடையே செம்புக் கேபிளே போடாதீர்கள். இரண்டு பிளாக்கின் எர்த் மட்டமும் ஒன்றாக இருக்காது. இடி விழுந்தால் இரண்டு பக்க ஸ்விட்ச்சும் சேர்ந்து போகும். வெளிப்புற ஃபைபர் ஒன்றும் இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும் (ஒளி சிக்னலை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) போட்டால் அந்தப் பயம் இல்லை. பழைய ரவுட்டர் ஒன்றை வைஃபைக்காக யாரோ ஒரு அறையில் செருகியிருப்பார்கள். அது தன் இஷ்டத்துக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் எண்) கொடுத்துக்கொண்டிருக்கும். 'சில நேரம் நெட் வருது, சில நேரம் வரல' என்ற புகாரின் வேர் அதுதான். கணக்கெடுப்பின்போதே கண்டுபிடித்து எடுங்கள், அல்லது அதில் முகவரி கொடுக்கும் வசதியான டிஎச்சிபி-யை அணையுங்கள்.

அடுத்து ஆசிரியரின் கோப்புகள். இங்கே அவசரப்படவே கூடாது. ஒரு தமிழாசிரியர் பதினைந்து வருடம் சேர்த்த வினாத்தாள்கள் ஒரே டிஸ்க்கில் இருக்கும். அவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்காது. அது தொலைந்தால் புது கணினி கொடுத்து ஈடுகட்ட முடியாது.

எழுத்துருவில் தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கணினி மாற்றியபின் வரும் முதல் அழுகை இதுதான். வினாத்தாள் கோப்புகள் பெரும்பாலும் பாமினி, வானவில் ஔவையார் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். இவை யூனிகோடு (எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறை) அல்ல. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக் குறிகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புது கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் திரை முழுக்கக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து ஆசிரியர் அழித்துவிடவும் கூடும். ஆகவே பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையை முதலில் நகலெடுங்கள். விண்டோஸ் 10-இல் எழுத்துருவை ஒரு பயனருக்கு மட்டும் நிறுவ முடியும் என்பதால் சில எழுத்துருக்கள் பொதுக் கோப்புறையில் இல்லாமல் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு இடத்திலும் பாருங்கள். புது கணினியில் நிறுவும்போது 'எல்லாப் பயனருக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அட்மின் கணக்கில் தமிழ் தெரியும், ஆசிரியர் உள்ளே போனால் தெரியாது.

முக்கியமான வினாத்தாள்களைப் பழைய கணினியிலேயே, எழுத்துரு சரியாகத் தெரியும்போதே, பிடிஎஃப்-ஆகவும் சேமித்துவிடுங்கள். பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றும்போது ஒரு கண்ணி உண்டு. வேர்ட் கோப்பிலிருந்து மொத்தமாக நகலெடுத்து இணையத்தில் உள்ள மாற்றியில் ஒட்டினால், எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று அதற்குத் தெரியாது. கணக்குத் தாளின் எக்ஸ், ஒய், வேதியியல் சூத்திரங்கள் எல்லாம் தமிழ் எழுத்தாகிக் குழம்பிவிடும். எழுத்துருவைப் பார்த்து மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள், அல்லது பத்தி பத்தியாக மாற்றுங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் சேரும் 'ொ', 'ோ', 'ௌ' வரும் சொற்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். தப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தட்டச்சும் இதோடு சேர்ந்ததுதான். விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, ஆன் செய்தால் போதும். ஆனால் தட்டச்சுத் தேர்வு எழுதி வந்த அலுவலக உதவியாளரின் விரல் பழைய தட்டச்சுப் பொறி வரிசையில்தான் ஓடும். அவருக்கு என்எச்எம் ரைட்டர் அல்லது அழகி என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவிக் கொடுங்கள். 'எல்லாரும் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள்' என்று ஜூன் முதல் வாரத்தில் சொல்வது நியாயமல்ல.

மற்றவை சுருக்கமாக. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டி டிரைவ் நான்கையும் பாருங்கள். பவர்பாயின்ட்டில் வீடியோ இணைப்பு பழைய பாதையைத் தேடும் என்பதால் புது கணினியிலும் டி டிரைவ் என்ற எழுத்தையே வையுங்கள். குரோமில் சேமித்த கடவுச்சொற்களை ஆசிரியரை உட்கார வைத்தே எடுங்கள், நீங்கள் எடுக்காதீர்கள். கல்வி நிறுவனங்களுக்கு கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் இலவசமாகத் தரும் கணக்குகளுக்கு விண்ணப்பித்து, ஒவ்வொரு ஆசிரியருக்கும் பள்ளி மின்னஞ்சல் கொடுங்கள். வகுப்பறைக் கணினியில் சொந்த ஜிமெயில் திறந்து கிடப்பது பெரிய ஆபத்து.

இப்போதுதான் இயந்திரம். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டி-க்கு குளோன் செய்வதைவிட, 256 ஜிபி எஸ்எஸ்டி-யில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவுவதே நல்லது. பழைய நிறுவல்கள் பல, விண்டோஸ் 11 கேட்கும் புதிய தொடக்க முறையான யூஇஎஃப்ஐ-க்கு ஒத்துவராத எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் இருக்கும். குளோன் செய்தால் அந்தக் குறையும் கூடவே வரும். இதில் இன்னொரு பெரிய லாபம்: கழற்றிய ஹார்ட் டிஸ்க் அப்படியே கைபடாத பிரதியாக நிற்கிறது. அதை அழிக்காதீர்கள். கணினியின் பெயர் எழுதிய கவரில் போட்டு, செப்டம்பர் காலாண்டுத் தேர்வு முடியும்வரை பூட்டி வையுங்கள். 'அந்த ஒரு ஃபைல்' என்று யாராவது ஆகஸ்டில் கட்டாயம் வருவார்கள். குளோன் செய்ய வேண்டியது அலுவலகத்தின் 5 மட்டும். அதற்கும் முன்னால், டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 'பென்டிங் செக்டர்' (படிக்கத் தடுமாறும் பகுதிகள்) பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் முதலில் கோப்புகளை நகலெடுங்கள், குளோன் முயற்சியே டிஸ்க்கைக் கொன்றுவிடக்கூடும்.

62 கணினிக்கு, கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது எஸ்எஸ்டி-யை 10 சதவீதம் கூடுதலாக, 68 வாங்குங்கள். ஒரே மாடல், பில்லோடு, வாரண்டியோடு. 2.5 அங்குல எஸ்எஸ்டி-க்குத் தாங்கி, திருகு, சாட்டா கேபிள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சிறிய பெட்டி கணினிகளில் உபரி பவர் முனை இருக்காது. டிவிடி டிரைவுடையதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மெல்லிய டிவிடி டிரைவ் என்றால் அந்த முனை சின்னது, கன்வெர்ட்டர் வேண்டும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி 70. எல்லாக் கணினியிலும் மாற்றிவிடுங்கள், விலை சொற்பம். அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பிரவுசர் தடுக்கும். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸ் பற்றி 'எமிஸ் திறக்கலை' என்று வரும் புகாரில் இது அடிக்கடி ஒளிந்திருக்கும். கூடவே எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 3, கீபோர்டு 6, மவுஸ் 10, நெட்வொர்க் கேபிளுக்கான ஆர்ஜே45 முனைகள் 100, கிரிம்ப்பிங் டூல், லேன் டெஸ்டர், புளோயர்.

விண்டோஸை ஒவ்வொரு கணினியிலும் இணையத்திலிருந்து இறக்காதீர்கள். 40 கணினிக்குத் தலா 6 ஜிபி என்றாலே 240 ஜிபி; 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும், நிஜத்தில் அது முழு வேகத்தில் ஓடாது. ஒருமுறை இறக்கி 4 பென் டிரைவில் போட்டு, நான்கு நான்காகச் செய்யுங்கள். ஒருவரால் எல்லா மென்பொருளும் பிரிண்டரும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 முதல் 8 கணினி முடிக்கலாம். 62-க்கு 8 முதல் 11 வேலை நாள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகள் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடக்கூடும். அந்தப் பூட்டின் (பிட்லாக்கர்) மீட்புச் சாவியைக் கணினிப் பெயரோடு அன்றே பதிவு செய்யுங்கள். பின்னாளில் பயாஸ் அப்டேட் செய்ததும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும்போது அது இல்லையென்றால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது.

நாட்காட்டியில் ஒரு எச்சரிக்கை. அலுவலகக் கணினிகளை மே மாதத்தில் தொடாதீர்கள். பொதுத்தேர்வு முடிவு வந்ததும் மாற்றுச் சான்றிதழ், சேர்க்கை என்று வருடத்திலேயே அதிக வேலை அப்போதுதான். ஏப்ரல் கடைசியில், ஒரு நேரத்தில் ஒன்றாக மாற்றுங்கள். ஆய்வகத்தை மே முதல் பாதியிலும் வகுப்பறைகளை இரண்டாம் பாதியிலும் வைத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் முன்பு, மார்ச்சில் நான்கே நான்கு கணினியை முன்னோட்டமாக மாற்றுங்கள்: ஒரு தமிழாசிரியர், ஒரு கணித ஆசிரியர், ஒரு தொடக்க வகுப்பு ஆசிரியர், அலுவலகத்தில் ஒருவர். கணினி நன்றாகத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் பிரச்சினையைத் தானே சரிசெய்துகொண்டு உங்களிடம் சொல்லாமல் இருந்துவிடுவார்.

வகுப்பறையில் கணினிக்கும் திரைக்கும் இடையே உள்ள வயரைத் தனியாகச் சோதியுங்கள். பழைய புரொஜெக்டர் விஜிஏ, புது கணினி எச்டிஎம்ஐ என்றால், 'எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ' கன்வெர்ட்டர் வேண்டும். எதிர்த்திசைக் கன்வெர்ட்டர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேலை செய்யாது. தொடுதிரைப் பலகையில் படம் வந்து தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் யூஎஸ்பி வயரின் நீளத்தைப் பாருங்கள். சாதாரண வயர் 5 மீட்டருக்கு மேல் தாங்காது, சிக்னலைப் பெருக்கும் ஆக்டிவ் கேபிள் வேண்டும்.

ஜூனுக்குப் பிறகான உதவி இந்த ஒரு விதியில் நிற்கட்டும்: வகுப்பறையில் ரிப்பேர் இல்லை, மாற்று மட்டும். ஒரு பீரியட் 40 நிமிடம் என்றால், ஆசிரியரும் பிள்ளைகளும் காத்திருக்க டெக்னீஷியன் கணினியைத் திறந்துகொண்டு உட்காரக் கூடாது. முழுதாகத் தயார் செய்த உதிரிக் கணினி 5 வேண்டும்: வண்ணாரப்பேட்டையில் 2, மற்ற இரண்டு கட்டடத்திலும் ஒவ்வொன்று, டெக்னீஷியன் கையில் ஒன்று. புதிதாக வாங்க முடியாவிட்டால் ஆய்வகத்தின் 28-ஐ 23 ஆக்கி எடுங்கள். ஆய்வகத்தில் இருவர் ஒரு கணினியில் உட்காரலாம். வகுப்பறையில் ஒன்றுகூட இல்லாமல் இருக்க முடியாது.

ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு ஆசிரியரைப் பொறுப்பாளராக வைத்து, அதற்காக வாரத்துக்கு இரண்டு பீரியட் குறைத்துக் கொடுங்கள். பீரியட் குறைக்காமல் பொறுப்பை மட்டும் கொடுப்பது அநியாயம், இரண்டு மாதத்தில் அது நின்றுவிடும். அவரிடம் ஒரு பெட்டி இருக்கட்டும்: மவுஸ், எச்டிஎம்ஐ கேபிள், கன்வெர்ட்டர், பேட்ச் கார்டு (சின்ன நெட்வொர்க் கேபிள்), ரிமோட் பேட்டரி. எல்லா ஆசிரியருக்கும் சொல்லித்தர வேண்டியவை மூன்று. திரை வரவில்லையென்றால் புரொஜெக்டரின் சோர்ஸைப் பார்த்து, பிறகு விண்டோஸ் விசையோடு 'பி' அழுத்துவது. நெட் இல்லையென்றால் பக்கத்து அறையில் இருக்கிறதா என்று கேட்பது. கணினி மந்தமானால் ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்வது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் கணினி முழுதாகப் புதிதாகத் தொடங்காது, ரீஸ்டார்ட்தான் தொடங்கும்.

வாட்ஸ்அப்பை நிறுத்த வேண்டாம். ஆசிரியருக்குக் கைவசம் இருப்பது அதுதான். குழுவில் போடாமல் டெக்னீஷியனின் ஒரு எண்ணுக்கு, ஸ்டிக்கரில் உள்ள பெயரோடு அனுப்பச் சொல்லுங்கள். வந்த புகாரை ஒரு ஷீட்டில் ஏற்றுவது டெக்னீஷியன் வேலை. வகுப்பு நின்றிருந்தால் 15 நிமிடத்தில் பதில், மற்றவை அன்றைக்குள், பிரிண்டர் போன்றவை அந்த வாரத்துக்குள். புகார்களில் பலவற்றைக் கட்டடத்துக்குப் போகாமலே விண்டோஸில் உள்ள 'குயிக் அசிஸ்ட்' மூலம் முடிக்கலாம். ஆனால் உங்கள் டெக்னீஷியன் அல்லாத யாரும், 'எமிஸ் ஆபீஸிலிருந்து பேசுகிறேன்' என்றாலும், திரையைப் பகிரச் சொன்னால் போனை வைத்துவிடும்படி எல்லா ஆசிரியருக்கும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். நேரில் போக வேண்டியதற்கு நாள் நிரந்தரமாக இருக்கட்டும்: திங்கள், வியாழன் திருவொற்றியூர்; செவ்வாய், வெள்ளி தண்டையார்பேட்டை; புதன் முழுநாளும் வண்ணாரப்பேட்டை. மூன்று இடமும் மெட்ரோ பாதையிலேயே இருப்பதால் கன்டெய்னர் லாரி நெரிசலிலும் மழையிலும் பையைத் தூக்கிக்கொண்டு பைக்கில் அலைய வேண்டியதில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பூட்டி வைத்த ஹார்ட் டிஸ்க்குகளை எடுங்கள். மாணவர் ஆதார் எண், பெற்றோர் கைப்பேசி எண் எல்லாம் அவற்றில் எக்ஸெல் கோப்பாக இருக்கும். ஃபார்மட் செய்வது போதாது, முழு டிஸ்க்கையும் ஒருமுறை மேலெழுதி அழித்துவிடுங்கள். ஓடாத டிஸ்க்கைத் துளையிடுங்கள். பழைய இரும்புக் கடையில் போடாமல், 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் எடைபோட்டுக் கொடுத்து, அந்த ரசீதைச் சொத்துப் பதிவேட்டில் சீரியல் எண்களுக்கு நேரே ஒட்டி வையுங்கள்.